பிரிக்காத சரக்கு

பிப்ரவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். உன் இடுப்பு வலி எப்படி இருக்கிறது? ஷோரூமில் சாம்பிள் பலகைகளை நீயே தூக்காதே. சம்பளம் வாங்கிக்கொண்டு சுவரில் சாய்ந்து நிற்கிறார்களே இரண்டு பேர், அவர்களைத் தூக்கச் சொல்.

போனில் பேசினால் ஒரே இரைச்சல், அதனால் எழுதுகிறேன். பதிலைக் கீழே இருக்கும் தையல் கடை விலாசத்துக்கே போடு. எங்கள் மாடிப்படி ஏறுவதற்குத் தபால்காரர் மூக்கால் அழுகிறார்.

விஷயம் இதுதான். கல்யாணத்துக்கு நீ உன் கடையிலிருந்து அனுப்பிய சமையல் மேடையைப் பார்த்தாலே எனக்கு இப்போது குமட்டுகிறது. கோபித்துக்கொள்ளாதே. ஒரு வருஷம்கூட ஆகவில்லை, அதற்குள் மஞ்சள் பூத்துப்போய்விட்டது. கை வைத்தால் பிசுபிசு என்று ஒட்டுகிறது. காலையில் டம்ளரை எடுத்தால் ‘சப்’ என்று சத்தம் கேட்கிறது. எதையோ நக்குகிற மாதிரி இருக்கும் அந்தச் சத்தம். சீ!

தையல் கடைப் பெண்களுக்கு மதியச் சாப்பாடு செய்து டப்பாவில் கொடுக்கலாம் என்று பேச்சு நடக்கிறது. எனக்கென்று ஒரு வேலை. ஒருநாள் மேலே வந்து சமையலறையைப் பார்த்துவிட்டுச் சொல்கிறோம் என்கிறார்கள். இந்த மேடையை எப்படிக் காட்டுவேன்? சுத்தம் செய்ய வழி சொல்.

உன் சின்னவள்

பிப்ரவரி 20

என் சின்னவளுக்கு,

இடுப்பு இருக்கிறது, வலியும் இருக்கிறது, இரண்டும் சேர்ந்தே வேலைக்குப் போய் வருகின்றன. நீ எப்படி இருக்கிறாய்? உன் வீட்டுக்காரர் சுகமா? ஏதாவது விசேஷம் உண்டா? போன தடவை நான் வந்தபோது உன் துணியெல்லாம் கட்டிலுக்கு அடியில் பெட்டியிலேயே கிடந்ததே, பீரோவில் இடம் ஒதுக்கித் தந்தாரா?

மேடையின் மேல் ஒட்டியிருக்கும் லேமினேட் தகடு மஞ்சள் பூக்கிறதா! என் காதில் பூ சுற்றாதே. அந்த ரகத்தை வருஷக்கணக்காக விற்கிறேன், ஒருத்தர் வந்து ஒரு சொல் சொன்னதில்லை. சாம்பிள் சுவருக்கு முன்னால் நின்று நீயும் நானும் எத்தனை நேரம் சண்டை போட்டோம், ஞாபகம் இருக்கிறதா? பளபள ரகம் வேண்டாம், விரல் பட்ட இடமெல்லாம் தெரியும் என்றேன். வெள்ளை வேண்டாம், டீ சிந்தினால் போச்சு என்றேன். மரக்கோடு போட்டதைப் பார்த்து நீயே, “ஆஸ்பத்திரி வரவேற்பு மேஜை மாதிரி இருக்குக்கா” என்றாய். கடைசியில் அந்தச் சாம்பல் நிறத்தைத் தொட்டாய். “மழைக்கு முன்னாடி வானம் இப்படித்தான் இருக்கும்” என்று சொல்லிவிட்டு அதைவிட்டு நகரவே மாட்டேன் என்றாய்.

சுத்தம் செய்வது ஒரு பெரிய வித்தை இல்லை. ஈரத்துணியில் பாத்திர சோப்பு இரண்டு சொட்டு விட்டுத் துடை. அப்புறம் நல்ல துணியால் ஒருமுறை. கடைசியில் உலர்ந்த துணியால் ஈரமே இல்லாமல் துடை, அதுதான் முக்கியம். கறை போகாவிட்டால் சமையல் சோடாவைக் குழைத்துப் பூசிக் கொஞ்ச நேரம் விடு. கம்பி நாரைத் தொட்டாயோ, உன் கையை முறிப்பேன்.

உன் அக்கா

மார்ச் 11

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் நலம் அறிய ஆவல். இடுப்புக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறாயா?

நீ சொன்னதெல்லாம் செய்தேன். சோப்பு, சோடா, உலர்ந்த துணி எல்லாம் ஆயிற்று. துடைத்து முடித்த பத்தாவது நிமிஷம் மறுபடியும் பிசுபிசு. அடுப்புப் பக்கம் சுருங்கி, பாலாடை மாதிரி மடிப்பு மடிப்பாக நிற்கிறது. சிங்க் ஓரத்தில் அமுக்கினால் கீழேயிருந்து ஒரு தண்ணீர் வருகிறது, அக்கா. கலங்கலாக, பழைய சாக்கடை நாற்றத்தோடு. விரலில் பட்டுவிட்டது. மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவியும் சாப்பிடும்போது அந்த நாற்றம்தான் மூக்கில் நின்றது. அன்று சாப்பாடே இறங்கவில்லை.

தையல் கடையிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். இருவரில் பெரியவர், கடையை நடத்துகிற அம்மா, அடுப்புப் பக்கம் எட்டிப் பார்த்தார். கூட வந்தவள் மேடையில் கையை ஊன்றிவிட்டு, ஒட்டிக்கொண்ட கையை எடுத்துப் புடவையில் துடைத்தாள். அப்புறம் என் முகத்தைப் பார்த்தாள். “சாப்பாடு பத்தி அப்புறம் பேசலாங்க” என்று படியிறங்கிவிட்டார்கள். வெட்கத்தில் எனக்கு உயிரே போய்விட்டது.

வேறு வழி ஏதாவது இருந்தால் எழுது. மேடையைக் கழற்றுகிற மாதிரியோ, பிரிக்கிற மாதிரியோ இல்லாத வழியாக இருக்கட்டும்.

உன் சின்னவள்

மார்ச் 19

சின்னவளுக்கு,

சுகமா? விசேஷம் உண்டா என்று கேட்டேன், பதில் இல்லை. பீரோவைக் கேட்டேன், அதற்கும் இல்லை. போகட்டும்.

உன் கடிதத்தைச் சாப்பிட்டுக்கொண்டே படித்துத் தொலைத்தேன். தட்டை அப்படியே தள்ளிவைத்துவிட்டேன். உவ்வே! சொல்கிறேன் என்று வருத்தப்படாதே, இது மேடையின் குற்றம் இல்லை, உன் குற்றம். சிங்க் ஓரத்தில் தண்ணீரைத் தேங்க விட்டிருக்கிறாய். லேமினேட்டுக்கு அடியில் இருப்பது மரத்தூளை அழுத்திச் செய்த பலகை. ஒரு மயிரிழை இடைவெளி கிடைத்தால் போதும், தண்ணீரை உறிஞ்சி ஊதிவிடும். ஊதினால் ஊதியதுதான், பழையபடி ஆகாது. சூடான சட்டியை அடுப்பிலிருந்து இறக்கி நேராக அதன் தலையில் வைத்திருப்பாய், அதனால்தான் சுருக்கம். கத்தியை மேடையிலேயே வைத்து நறுக்குகிறாயா? நறுக்குவாய். அம்மா வீட்டிலும் நீ எச்சில் தட்டை அப்படியே வைத்துவிட்டுப் போகிறவள்தானே.

என் கடைச் சரக்கைப் பற்றி இப்படி ஒரு புகார் வந்ததே இல்லை. அதுவும் என் கூடப்பிறந்தவளிடமிருந்து! உடனே சிங்கைச் சுற்றி ஈரம் போக உலர்த்தி, சிலிக்கான் பசை வைத்து அடை. இனியாவது ஒரு பெண் சமைக்கிற இடம் மாதிரி வைத்துக்கொள்.

அக்கா

மே 2

அக்காவுக்கு,

நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

எழுத வேண்டாம் என்றுதான் இத்தனை நாள் இருந்தேன். நான் எச்சில் தட்டு வைக்கிறவள் இல்லை. ராத்திரி படுக்கப்போகும் முன் அந்த மேடையை முழங்கை வலிக்கத் தேய்க்கிறேன். என் விரல் இடுக்கெல்லாம் வெந்துபோய்த் தோல் உரிகிறது. சுத்தமாக இல்லாத ஒன்றைத் துடைத்துத் துடைத்து நானே அழுக்கானவள் ஆகிவிட்டேன், இப்போது உன் வாயாலும் கேட்டாயிற்று.

காய் நறுக்குகிற இடத்தில் வரிசையாக எறும்புகள் செத்துக் கிடக்கின்றன. அவற்றுக்குப் பக்கத்தில் ஒரு கரப்பான் குஞ்சு, கால்களை விரித்தபடி. மேலே இல்லை, உள்ளே. தினமும் அதைப் பார்த்துக்கொண்டேதான் தக்காளி நறுக்குகிறேன். நறுக்கும் பலகை வைத்துத்தான் நறுக்குகிறேன், கவலைப்படாதே. பலகையை அதன் மேல் வைத்து மறைக்கிறேன். மறைத்தாலும் அது அங்கேதான் இருக்கிறது என்று தெரிகிறதே.

இனி மேடையைப் பற்றி எழுத மாட்டேன்.

சின்னவள்

மே 8

என் கண்ணு சின்னவளே,

உன் கடிதம் கிடைத்த கையோடு கடைக் கவுண்டரிலேயே உட்கார்ந்து எழுதுகிறேன். உடம்பு எப்படி, இடுப்பு எப்படி எல்லாம் அப்புறம்.

உள்ளே கிடக்கிற எறும்பு உனக்கு எப்படித் தெரிந்தது? லேமினேட் என்ன கண்ணாடியா? அதற்கு அடியில் யானையே செத்துக் கிடந்தாலும் மேலே தெரியாது! உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். அப்புறம் தலையில் அடித்துக்கொண்டேன். அடிப்பாவி, அது லேமினேட்டே இல்லை! வழியில் கீறல் விழக் கூடாது என்று கம்பெனிக்காரன் மேலே ஒட்டி அனுப்புகிற பிளாஸ்டிக் தாள்! பொருத்தி முடித்ததும் உரித்துப் போட வேண்டியது. மேடையைப் பொருத்த வந்த ஆள் உரிக்காமல் போய்விட்டான். நீ ஒரு வருஷமாகக் குப்பையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவியிருக்கிறாய்!

கடையில் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தேன். அப்புறம், உன்னை எச்சில் தட்டு என்று எழுதினேனே, அதை நினைத்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. என் நாக்கில் சூடு வைக்க வேண்டும். மனசில் வைத்துக்கொள்ளாதே.

ஒரு மூலையை நகத்தால் கிளப்பிப் பிடித்து இழு. அவ்வளவுதான் வேலை. இன்றைக்கே செய். கீழே உன் சாம்பல் நிறம் புதுசாக இருக்கும்.

உன் முட்டாள் அக்கா

ஜூன் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் கடிதத்தைத் தையல் கடையில் நின்றே படித்தேன். நீ சிரித்தாய் என்றதும் எனக்கும் சிரிப்பு வந்தது.

அது பிளாஸ்டிக் தாள் என்று எனக்குத் தெரியும், அக்கா. முதல் நாளிலிருந்தே தெரியும். அதைப் பிரிக்காமலே சுத்தம் செய்ய உங்கள் தொழிலில் ஏதாவது வழி இருக்குமோ என்றுதான் கேட்டேன்.

பொருத்த வந்த ஆள் முடித்ததும் உரிக்கத்தான் போனார். என் வீட்டுக்காரர் அவர் கையைப் பிடித்துத் தடுத்துவிட்டார். “கவரப் பிரிக்காதீங்க. பிரிச்சா திருப்ப முடியாது” என்றார். அந்த ஆள் முழித்தார். “மேடையத் திருப்பறதா? எதுக்கு சார்?” என்றார். “இது அவங்க அக்கா குடுத்தது. கல்யாணத்தன்னிக்கு அத்தன பேர் முன்னாடி, மாப்ள வீட்ல சமையல் மேடைகூட சரியில்லன்னு சொல்லிக் காட்டிக் குடுத்தது. ஒருநாள் அவங்க மூஞ்சியிலயே விட்டெறியணும். எறியறப்ப புதுசா இருக்கணும்” என்றார். இன்னொன்றும் சொன்னார். அதை எழுதவில்லை.

அவர் கிடங்கில் என்ன வேலை பார்க்கிறார் என்று உனக்குத் தெரியும், திரும்பி வருகிற சரக்குப் பிரிவு. மேலுறை பிரிந்திருந்தால் வாங்கமாட்டார், பிரியாமல் இருந்தால் வாங்கிக்கொள்வார். நாளெல்லாம் இதே வேலை. வீட்டிலும் அதே கண்தான். குளிர்சாதனப் பெட்டியின் கதவில் இன்னும் தாள் இருக்கிறது. டிவி ரிமோட் பையில் இருக்கிறது. மெத்தையில் பிளாஸ்டிக் உறை இருக்கிறது. திரும்பிப் படுத்தால் சரசர என்று சத்தம் போடும். அந்தச் சத்தம் எனக்கு மட்டும்தான் கேட்கும், அவர் ஹாலில் படுக்கிறார்.

போனில் இரைச்சல் என்று எழுதினேனே, அதுவும் பொய். ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேச வேண்டும் என்பது இங்கே சட்டம்.

உன் சின்னவள்

ஜூன் 10

சின்னவளே,

நான் நலம் என்று எழுதக் கை வரவில்லை. உன் கடிதத்தை மடித்து வைத்துவிட்டுக் கையைக் கழுவினேன். அந்தக் கரப்பான் குஞ்சைப் படித்தபோதுகூட இப்படிக் கழுவவில்லை.

தூ! ஒரு மனுஷன் தன் வீட்டில், தான் தின்கிற சோற்றுக்குப் பக்கத்தில், ஒரு வருஷ அழுக்கைச் சேர்த்து வைத்திருக்கிறான். எதற்கு? என் முகத்தில் எறிவதற்கு. நான் கல்யாணத்தில் பேசியது தப்பாகவே இருக்கட்டும். அதற்கு என்னிடம் சண்டை போட வேண்டியதுதானே, தன் பெண்டாட்டி விரலையா வேக வைப்பது?

அந்த ஆளிடம் ஒரு கேள்வி கேள். அந்த மேடையின் நடுவில் சிங்க் உட்கார ஒரு பெரிய ஓட்டை வெட்டியிருக்கிறதே, அதை எந்தக் கடை திருப்பி எடுக்கும்? உன் சுவரின் அளவுக்கு அறுத்து, உன் குழாய்க்குத் துளை போட்ட பலகையை என் முதலாளி என்ன தலையில் சூடிக்கொள்வாரா? திரும்புகிற சரக்கே பிழைப்பாக இருக்கிறவருக்கு இதுகூடத் தெரியாதா? வெட்டிய அன்றைக்கே அது உன்னுடையது. பிரி!

இப்போது சும்மா இழுத்தால் வராது, பசை இறுகியிருக்கும். முடி உலர்த்தும் மெஷினை யாரிடமாவது கேட்டு வாங்கி இளஞ்சூடு காட்டு. செங்குத்தாக இழுக்காதே, மேடையோடு ஒட்டினாற்போல் மடக்கி மெதுவாக இழு. கத்தி வேண்டாம், பழைய பிளாஸ்டிக் அட்டையால் சுரண்டு. மிச்சப் பசைக்குச் சமையல் எண்ணெய் தடவி ஊறவிட்டுத் துடை. பிறகு சோப்பு.

அவன் சொன்ன அந்த இன்னொன்று என்ன? பீரோவில் இடம் தந்தானா இல்லையா? இந்தத் தடவை பதில் வந்தாக வேண்டும்.

அக்கா

ஜூலை 6

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நிஜமாகவே நலம். உன் இடுப்பு?

பிரித்துவிட்டேன்! அவர் வேலைக்குப் போனதும் தையல் கடைப் பெரியவர் முடி உலர்த்தும் மெஷினோடு மேலே வந்தார். “என்னங்க இது, பிணத்த உரிக்கற மாதிரி நாறுது” என்று முந்தானையை மூக்கில் கட்டிக்கொண்டு கூடவே நின்றார். தாள் வரும்போது அதன் அடியில் இருந்த எல்லாமும் சேர்ந்து வந்தது, எறும்பு, குஞ்சு, எண்ணெய், அந்தச் சாக்கடைத் தண்ணீர். சுருட்டிக் குப்பைத் தொட்டியில் திணித்துவிட்டுப் போய் வாந்தி எடுத்தேன். வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து மறுபடி இழுத்தேன். அடுப்பை ஒட்டி உருகிப்போன இடம் மட்டும் வரவில்லை, ஒரு கை அகலத்துக்கு வடுவாக நிற்கிறது. சிங்க் ஓரம் லேசாக ஊதியிருக்கிறது. மற்றதெல்லாம், அக்கா, அதே நிறம்! உள்ளங்கையை வைத்தேன். ஒட்டவில்லை. அப்படியே நின்றுகொண்டு கொஞ்ச நேரம் அழுதேன்.

பெரியவர் அன்றைக்கே சாப்பாட்டுக்குச் சொல்லிவிட்டார். இப்போது தினமும் டப்பாக்கள் கீழே போகின்றன. கையைப் புடவையில் துடைத்தாளே, அவள்தான் முதலில் காலி செய்கிறாளாம்.

சாயங்காலம் அவர் வந்தார்.

“கவர் எங்க?”

“குப்பைல.”

“யாரக் கேட்டுப் பிரிச்ச?”

“யாரையும் கேக்கல. நடுவுல சிங்க் ஓட்டை இருக்கு. இத எந்தக் கடையில திருப்பி எடுப்பாங்க?”

ஓட்டையையே பார்த்துக்கொண்டு நின்றார். அதை இப்போதுதான் பார்ப்பதுபோல இருந்தது. கிடங்கில் சரக்கைப் பார்ப்பதுபோல ஓரமெல்லாம் விரலால் தடவினார். வடுவில் விரல் நின்றது. ஹாலுக்குப் போய்ப் படுத்துவிட்டார்.

உன் சின்னவள்

ஜூலை 13

என் ராஜாத்தி,

கடிதத்தைக் கடையில் எல்லாருக்கும் படித்துக் காட்டினேன். வாந்தி வரை படித்தேன், முதலாளி போதும் என்றார்.

இனி அதை நன்றாக வைத்துக்கொள். சூடான பாத்திரத்துக்கு அடியில் ஒரு மணை வை. சிங்க் ஓரத்தில் ஈரம் நிற்க விடாதே, ஊதிய இடத்தில் பசை வை. வடு இருந்தால் இருக்கட்டும். சமைக்கிற மேடையில் வடு இல்லாவிட்டால் அது சாம்பிள்.

இடுப்பு பரவாயில்லை. நான் கேட்ட இரண்டுக்கும் நீ இன்னும் பதில் எழுதவில்லை.

உன் அக்கா

ஜூலை 30

அன்புள்ள அக்காவுக்கு,

இந்தக் கடிதம் உனக்குக் கிடைக்கும்போது நீ நலமாக இருக்க வேண்டும். ஏனென்றால் உனக்கு வேலை வைக்கப்போகிறேன்.

நேற்று டப்பாக்களைக் கீழே கொடுத்துவிட்டுத் துணி வாங்கக் கடைவரை போனேன். திரும்பி வந்தால் அவர் சமையலறையில் இருக்கிறார். கிடங்கிலிருந்து கனமான பிளாஸ்டிக் தாள் ஒரு சுருள் கொண்டுவந்து, மேடை முழுக்கப் போர்த்தி, பழுப்பு டேப் போட்டு ஒட்டிக்கொண்டிருந்தார். மூலையை மடித்து விட்ட அழகைப் பார்க்க வேண்டும் நீ. அவ்வளவு அக்கறை. நான் காலையில் துடைத்த ஈரம்கூடக் காயவில்லை, அதன் மேலேயே ஒட்டியிருக்கிறார்.

“மிச்சத்தையாவது காப்பாத்தணும்” என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

எனக்குக் கோபமே வரவில்லை, அக்கா. அருவருப்புதான் வந்தது. அந்தக் கலங்கல் தண்ணீர் விரலில் பட்ட அன்றைக்கு வந்த அதே அருவருப்பு. இந்தத் தடவை மேடை மேல் இல்லை.

அன்றைக்கு எழுதாமல் விட்டதை இப்போது எழுதுகிறேன். பொருத்த வந்த ஆளிடம், நான் பக்கத்தில் நிற்கும்போதே, இவர் சொன்னது இது. “இவளயும் திருப்பி அனுப்ப வேண்டி வந்தா, ரெண்டும் பிரிக்காம இருந்தாத்தான் நமக்கு மரியாதை.” அந்த ஆள் சிரித்தார், வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று நினைத்து. வேடிக்கை இல்லை. விசேஷம் உண்டா, விசேஷம் உண்டா என்று கேட்டுக்கொண்டே இருந்தாயே. மெத்தை உறையோடு நான் தனியாகத்தான் படுக்கிறேன், வந்த நாளிலிருந்து.

சாப்பாட்டுக் கணக்கில் யாரையும் நட்டாற்றில் விடவில்லை. நாளை மதிய டப்பாக்களைக் கொடுத்துவிட்டுத்தான் கிளம்புகிறேன். பெரியவர் உன் ஊரிலேயே இருக்கும் தன் தங்கையின் தையல் கடைக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறார், அங்கேயும் பசிக்கிற பெண்கள் இருக்கிறார்களாம். உன் சமையல் மேடையில் எனக்குக் கொஞ்சம் இடம் ஒழித்து வை.

உன் கடையில் கீறல் விழுந்த சரக்கைத் திருப்பி எடுக்கமாட்டீர்கள் என்று தெரியும். என் விரலெல்லாம் வடு, வாயும் முன்பு மாதிரி இல்லை. எடுத்துக்கொள்.

பெட்டி கட்ட எனக்கு நேரமே ஆகவில்லை. பீரோவைப் பற்றி நீ கேட்டதற்குப் பதில் இதுதான்.

உன் சின்னவள்